ஒரே குரலில் நாற்பத்தொரு பெண்கள்

எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். கலெக்டர் ஆபீஸில், மேடையில் ஏற்றி, கைதட்டலோடு. 'பிழையில்லாத வாக்காளர் பட்டியல், நூற்றுக்கு நூறு' என்று அதில் பொறித்திருந்தது. மாவட்டத்திலேயே முதல் ஆள் நான். பேப்பரில் படத்தைப் பார்த்துவிட்டு எங்கள் சம்பந்தி வீட்டார்கூடப் போன் பண்ணி வாழ்த்தினார்கள். நானும் வெட்கமே இல்லாமல் பல்லைக் காட்டிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பட்டியலில் நாற்பத்தொரு பிழைகள் இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். பிழை என்று சொல்வதுகூட நாகரிகத்துக்காக. நான் செய்தது அப்பட்டமான திருட்டுத்தனம்.

என் பெயர் சண்முகவடிவு. ஊசிக்குளம் ஊராட்சியில் அங்கன்வாடி டீச்சர். பிள்ளைகளுக்கு முட்டை அவித்துப் போடுகிற வேலையோடு, நாலாம் வார்டின் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கும் வேலையையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். குரல் பட்டியல் வந்த வருடம் அது.

குரல் பட்டியல் என்றால் என்ன என்று யூனியன் ஆபீஸ் தேர்தல் பிரிவில் இருக்கும் ஜெபராஜ் சார்தான் எங்களுக்கு வகுப்பு எடுத்தார்.

“கைரேகை தேஞ்சு போவுது டீச்சர். பீடி சுத்துன கையில ரேகைக்கு எங்க போவ? மொகத்த வச்சுப் பாக்கலாம்னா, இப்ப எவன் மொகத்த வேணும்னாலும் வீட்ல உக்காந்தே செஞ்சிருதானுவ. நேர்ல நின்னு பேசுத குரல் அப்பிடி இல்ல. மூச்சு, நெஞ்சு, பல்லு எல்லாம் அதுல சேந்து கெடக்கு. ஒரு ஆளுக்கு ஒண்ணுதான். வீடு வீடாப் போயி ஒரு வாக்கியம் சொல்ல வச்சு டேப்லெட்ல பதிஞ்சிட்டு வாங்க. ஓட்டுப் போட வரும்போது அதே வாக்கியத்த மைக்ல சொல்லணும். பொருந்துச்சுன்னா பச்சை லைட்டு. இல்லன்னா செவப்பு. அடுத்த தேர்தல் முடிஞ்சதும் ரேஷன், ஆஸ்பத்திரி, ஆபீஸு எல்லாத்துக்கும் இதே குரல்தான்.”

வாக்கியம் சுலபமானதுதான். 'நான் இன்னார். இன்னாரின் மனைவி.' ஆண்கள் அப்பன் பெயரைச் சொல்ல வேண்டும். அவர்கள் கடகடவென்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார்கள். வம்பு பெண்களிடம் வந்தது.

காலம் எங்கேயோ போய்விட்டது. டிரைவர் இல்லாத பஸ் எங்கள் ஊர் வளைவில் தானே திரும்பித் தானே ஹாரன் அடிக்கிறது. ஆனால் நாலாம் வார்டில் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள் இன்றைக்கும் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று ஒரு பயம். வண்டிமலைச்சி அக்கா வீட்டில்தான் முதலில் மாட்டிக்கொண்டேன்.

“அவிய பேரு ஒங்களுக்குத் தெரியாதாக்கும்? நீங்களே சொல்லிருங்க டீச்சர்.”

“நீங்கதான் சொல்லணும்க்கா. ஒங்க குரல்தான் வேணும்.”

“திருச்செந்தூர் முருகனுக்கு எத்தன மொகம்? அதான் அவிய பேரு.”

டேப்லெட் 'தெளிவாகச் சொல்லவும்' என்றது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மறுபடி 'தெளிவாகச் சொல்லவும்'. மறுபடி சிரிப்பு. வெயில் மண்டையைப் பிளந்தது. மறுநாளே கடைசி நாள். சும்மா சோதித்துப் பார்ப்போம் என்று டேப்லெட்டை என் வாய்ப் பக்கம் திருப்பி, “நான் வண்டிமலைச்சி. ஆறுமுகத்தின் மனைவி” என்று நானே சொன்னேன். பச்சை எரிந்தது.

அந்தப் பச்சையைக் கண்டதும் என் புத்தி பேதலித்துவிட்டது. அன்றைக்கும் மறுநாளும் அப்படி நாற்பத்தொரு பெண்களுக்கு நானே பேசினேன். கடைசியில் என் வாக்கியத்தையும் சொல்லி முடித்தேன். ஒரு பதிவுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

நாற்பது பேருக்காவது 'அவர்களே சொல்லச் சொன்னார்கள்' என்று ஒரு சாக்கு இருக்கிறது. முப்பிடாதி அக்கா விஷயத்தில் அதுவும் கிடையாது. அவள் புருஷன் சொரிமுத்து பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் இன்னொருத்தியோடு மும்பைக்குப் போனவன். மகள் காய்ச்சலில் கிடந்தபோது ஆள் அனுப்பியும் வரவில்லை. பிள்ளை செத்ததற்கும் வரவில்லை. அன்றைக்கு முப்பிடாதி அக்கா ஊர் அம்மன் கோயில் வாசலில் நின்று, இனி அவன் பெயர் இந்த வாயில் வராது என்று சத்தியம் பண்ணினாள். ஊரே பார்த்தது, நானும் பார்த்தேன்.

“அந்தப் பேரு எனக்கு வேண்டாம் டீச்சர். எங்க அய்யா பேரப் போட்டுக்கிடுங்க. ராமையா மவன்னு சொல்லச் சொன்னாலும் சொல்லுதேன்” என்று சிரித்தாள்.

அப்பா பெயரைப் போட வழி இருந்தது. தனிப் படிவம், இரண்டு சாட்சிக் கையெழுத்து, கிராம நிர்வாக அலுவலரின் ஒப்புதல். நாலு நாள் அலைச்சல். “சரிக்கா, போட்டுருதேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து விசிறிக்கடியில் உட்கார்ந்து, “நான் முப்பிடாதி. சொரிமுத்துவின் மனைவி” என்று பதிந்துவிட்டேன். மனசாட்சி உறுத்தியதா என்று கேட்டால், அன்றைக்கு இல்லை. டீ போட்டுக் குடித்தேன்.

எட்டு மாதம் கழித்து உள்ளாட்சித் தேர்தல் அறிவித்தார்கள். எங்கள் ஊர்க் குளத்துக்குத்தான் அந்தத் தேர்தல். குளத்தங்கரையில் ஏதோ ஒரு கம்பெனி பெரிய கம்ப்யூட்டர் கொட்டகை கட்டப் போகிறதாம். கம்ப்யூட்டர்கள் சூடாகாமல் இருக்கக் குளத்துத் தண்ணீர் முழுவதும் அவர்களுக்கு வேண்டுமாம். ஊர்க்காரன் குளிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் கம்ப்யூட்டர் குளிக்கப் போகிறது! ஒன்பது வார்டில் நாலு வார்டு 'கொடுக்கலாம்', நாலு வார்டு 'கூடாது' என்று ஊருக்கே கணக்குத் தெரியும். நாலாம் வார்டு எந்தப் பக்கமோ குளமும் அந்தப் பக்கம். பெண்கள் வார்டு அது. கம்பெனிக்கு மண் அடிக்கிற காண்ட்ராக்டரின் பெண்டாட்டி பொன்செல்வி ஒரு பக்கம் நின்றாள். எதிர்த்து நின்றது முப்பிடாதி அக்கா. அவளுடைய கீரைப் பாத்தி அந்தக் குளத்தை நம்பித்தான் இருந்தது. வேட்புமனுவுக்குக் கையெழுத்தே போதும் என்பதால் அவள் மனு சிக்கலில்லாமல் ஏற்கப்பட்டது.

வாக்குப்பதிவுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது என் டேப்லெட் கத்தியது. 'ஒரே குரலில் நாற்பத்திரண்டு பதிவுகள் கண்டறியப்பட்டுள்ளன. இது உங்கள் குரலா? ஆம், இல்லை. மூன்று நாட்களுக்குள் பதிலளிக்கவும்.'

அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். கரண்டியை ஆயாவிடம் கொடுத்துவிட்டு, புளியமரத்தடிக்குப் போய் ஜெபராஜ் சாருக்குப் போன் போட்டேன்.

“சார், பக்கத்து பூத்துல ஒரு டீச்சர் கேக்காவ. தெரியாம அவிய குரலயே கொஞ்சப் பேருக்குப் பதிஞ்சிட்டாவளாம்.”

“பக்கத்து பூத்தா?”

“ஆமா சார்.”

“ஆம்னு அழுத்தச் சொல்லுங்க. அந்தப் பொம்பளையள மறுபடி கூப்பிட்டு, ஆளப் பாத்துப் புதுசாப் பதிஞ்சுக்கிடும். அத்தன பேரும் தப்பிச்சிருவாவ. டீச்சர் தப்பிக்கமாட்டாவ. வேல போவும், கேஸும் வரும்.”

“பதிலே சொல்லலன்னா?”

“ஒரு குரலுக்கு ஒரு பேருதான். ஒண்ண வச்சிட்டு மீதியத் தூக்கிரும்.” பிறகு மெதுவாக, “டீச்சர், ஆம்னு அழுத்தச் சொல்லுங்க அவியள” என்றார்.

நான் அழுத்தவில்லை. ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. பேப்பரில் சிரித்த படம் இருந்தது. சம்பந்தி வீட்டார் இருந்தார்கள். மூன்று நாளில் நாற்பத்தொரு பேரையும் நானே பிடித்து, கமுக்கமாகப் புதுக் குரல் பதிந்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டேன். நோயால் குரல் மாறியவர்களுக்கு என்று டேப்லெட்டில் ஒரு வழி உண்டு. எல்லாருக்கும் 'தொண்டை நோய்' என்று போட்டேன்.

“அவிய நல்லா இருக்கணும்னா பேரச் சொல்லுங்கக்கா, இல்லன்னா ஓட்டு இல்லாமப் போயிரும், குளமும் போயிரும்” என்று ஒவ்வொருத்தியிடமும் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். குளம் என்றதும் மனசு இளகியது. வண்டிமலைச்சி அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு “ஆறுமுகம்” என்று சொல்லிவிட்டு, ஓடிப்போய் புருஷனைப் பார்த்து, உயிரோடு இருக்கிறார் என்று உறுதி பண்ணிக்கொண்டு வந்தாள். உச்சிமாகாளி ஒரு தடவை சொல்லி ருசி கண்டு, “ஏ மாடசாமீ, காப்பி எடுத்துட்டு வாரும்!” என்று வீட்டுக்குள் பார்த்துக் கூவினாள். மனுஷன் அரண்டுபோய் எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டாம் நாள் ஊருக்குள் ஒரு மருத்துவ வேன் வந்து நின்றது. ஒரே வார்டில் இருபத்தேழு பெண்களுக்குத் தொண்டை நோய் என்று கம்ப்யூட்டர் பயந்துபோய் அனுப்பியிருக்கிறது. எல்லாருக்கும் இலவசமாக இருமல் மருந்து கொடுத்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நாற்பது பேர் முடிந்திருந்தது. முப்பிடாதி அக்கா வீட்டுக்குப் போனேன். பிரச்சார நோட்டீஸை அடுக்கிக்கொண்டிருந்தவள் டேப்லெட்டைப் பார்த்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். முகம் சுருங்கிவிட்டது.

“எங்க அய்யா பேரப் போடச் சொன்னேன்லா டீச்சர்?”

“மேல இருந்து மாத்தமாட்டேன்னுட்டாவக்கா” என்றேன். பொய் எவ்வளவு சரளமாக வருகிறது பாருங்கள்.

“அப்ப எனக்கு ஓட்டே வேண்டாம். அந்தப் பேர நான் சொல்லமாட்டேன்.”

“ஒரே ஒரு தடவக்கா.”

“டீச்சர், ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன். இத மட்டும் கேக்காதிய.”

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். 'ஆம்' என்று ஒரு விரலை வைத்திருந்தால் போதும். ராத்திரி பன்னிரண்டு மணி வரை கெடு இருந்தது. நான் வீட்டுக்குப் போய், டேப்லெட்டைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன்.

காலையில் திறந்து பார்த்தால், மிஷின் என்னைத்தான் தூக்கியிருந்தது! மீதி இருந்தது இரண்டு பதிவுகள், குரல் ஒன்று. முதலில் பதிந்ததை உண்மை என்று எடுத்துக்கொண்டது. நான் என்னைக் கடைசியாகத்தானே பதிந்தேன்? 'முப்பிடாதி: சரி. சண்முகவடிவு: போலிப் பதிவு, நீக்கப்பட்டது.' சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. தண்டனை எனக்கே வந்துவிட்டது, என் ஒரு ஓட்டோடு கணக்குத் தீர்ந்தது என்று சாமிக்குச் சூடம் காட்டினேன்.

அவள் பெயரில் இருப்பது என் குரல், அவள் போய் நின்றால் சிவப்பு எரியும் என்று தெரியாதா? தெரியும். அவள்தான் அந்தப் பெயரைச் சொல்லப் போவதில்லையே, பூத்துக்கே வரமாட்டாளே, அவள் வாயைத் திறக்காதவரை யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வாக்குப்பதிவு பள்ளிக்கூடத்தில் நடந்தது. வரிசையை ஒழுங்குபடுத்துகிற வேலை எனக்கு. மூன்றரை மணிக்கு முப்பிடாதி அக்கா வந்தாள். தலைக்குக் குளித்து, மகளுடைய காரியத்துக்குப் பிறகு அவள் கட்டியே பார்க்காத பச்சைச் சேலை கட்டியிருந்தாள்.

“வந்துட்டியளாக்கா?” என்று கேட்டேன்.

“நேத்து பூரா யோசிச்சேன் டீச்சர். அவனுக்காவ ஊருத் தண்ணியத் தொலைக்கவா? அம்மன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வந்துட்டேன். ஒரு தடவ சொன்னா செத்தா போயிருவேன்?”

உள்ளே போனாள். நான் பின்னாலேயே போனேன். மைக் முன்னால் நிமிர்ந்து நின்று, சத்தியம் பண்ணிய பிறகு முதல்முறையாக அந்தப் பெயரைச் சொன்னாள்.

“நான் முப்பிடாதி. சொரிமுத்துவின் மனைவி.”

சிவப்பு.

“சத்தமாச் சொல்லுங்கம்மா” என்றார் பூத் அதிகாரி.

சத்தமாகச் சொன்னாள். வரிசையில் நின்ற பெண்களெல்லாம் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். சிவப்பு. மூன்றாம் தடவை சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அதற்கும் சிவப்பு. “குரல் பொருந்தலம்மா. பூட்டிக்கிடுச்சு. நாங்க ஒண்ணும் செய்ய முடியாது” என்று அதிகாரி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். உதவி கேட்டுத்தான் பார்த்தாள். நான் குனிந்து, கையிலிருந்த சீட்டுகளை எண்ணுவதுபோல் எண்ணிக்கொண்டிருந்தேன்.

முடிவு மறுவாரம் வந்தது. பொன்செல்வி 188. முப்பிடாதி 187. என்னால் போன ஓட்டு இரண்டு, அவளுடையது ஒன்று, என்னுடையது ஒன்று.

அன்றைக்கே குளத்தங்கரையில் கல் நட வந்துவிட்டார்கள். தெருவில் முப்பிடாதி அக்காவை எதிரே பார்த்தேன். ஒதுங்கப் போனேன், அவளே கூப்பிட்டாள்.

“அம்மன் தண்டிச்சிட்டா டீச்சர். சத்தியத்த மீறுனேன்லா? என் குரலயே எடுத்துட்டா. என்னால ஊருத் தண்ணி போச்சு” என்று சொல்லி என் தோளில் சாய்ந்து அழுதாள். என் தோளில்! என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் காலை யூனியன் ஆபீஸுக்குப் போய் புகார் மிஷின் முன்னால் நின்றேன். வேலையாவது மயிராவது, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். “நான் ஒரு குற்றத்தை ஒத்துக்கொள்ள வந்திருக்கிறேன்” என்றேன்.

“வணக்கம், முப்பிடாதி. சொல்லுங்கள்” என்றது மிஷின்.

“நான் முப்பிடாதி இல்லை. சண்முகவடிவு.”

“சண்முகவடிவு என்பது நீக்கப்பட்ட போலிப் பதிவு. அந்தப் பெயரில் பேசுவது தண்டனைக்குரிய குற்றம், முப்பிடாதி. தொடர விரும்புகிறீர்களா?”

ஜெபராஜ் சார் எழுந்து ஓடிவந்து மிஷினை அணைத்தார். “பேசாதிய டீச்சர்! இதுல நீங்க என்ன சொன்னாலும் அந்தம்மா சொன்னதாத்தான் ஏறும். நாப்பத்தொரு பேருக்கும் நான்தான் பேசுனேன்னு சொல்லுங்க, போலீசு நேரா அவிய வீட்டுக்குத்தான் போவும்.”

“எழுதிக் குடுத்தா?”

“எழுதுனது யாருன்னு மறுபடி குரலத்தான் கேக்கும்.”

“நீங்க ஒரு மனுஷன் இருக்கியள்லா சார்? ஒங்ககிட்ட சொல்லுதேன், எழுதிக்கிடுங்க.”

“நான் மிஷினுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கேன் டீச்சர், அவ்வளவுதான்” என்று தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சொன்னார்: “கோர்ட்டு இருக்கு. தோத்த வேட்பாளர் முப்பது நாளுக்குள்ள வழக்குப் போடலாம். போட்டா, வழக்கு முடியுத வரைக்கும் குளத்துல கை வைக்க முடியாது. ஆனா அதையும் வேட்பாளர் குரல்லதான் பதியணும்.” என்னையே பார்த்தார். அவர் சொல்ல வந்தது எனக்குப் புரிந்தது.

மத்தியானம் முப்பிடாதி அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். விசிறிக்கடியில் உட்கார்ந்து பேசியதை, 'மேலே மாற்றமாட்டேன் என்றார்கள்' என்ற பொய்யை, பீரோவில் வைத்துப் பூட்டியதை, ஒன்று விடாமல். அவள் கை கீரையிலேயே நின்றுவிட்டது.

“அப்ப அது அம்மன் இல்லையா?”

“இல்லக்கா. நான்தான்.”

“எட்டு நாளா நான் கோயில் பக்கம் போவல. அவ மூஞ்சில எப்பிடி முழிக்கன்னு போவல.”

“அக்கா, என்னய...”

“செவப்பு எரிஞ்சப்ப நீ எங்க நின்ன?”

முதல்முறையாக என்னை 'நீ' என்றாள். “ஒங்க பின்னாலதான்க்கா.”

“எத்தன அடி இருக்கும்?”

“நாலடி.”

அவள் தலையை ஆட்டினாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கீரைக் குச்சிகளை ஒதுக்கி, முறத்தை உதறிச் சுவரில் சாய்த்து வைத்தாள். வழக்கைப் பற்றிச் சொன்னேன். என் குரலில் பதிந்தால் முதலில் போலீஸ் அவளைத்தான் தேடி வரும் என்பதையும் சொன்னேன்.

“வரட்டும். கோர்ட்ல ஒரு மனுஷன் இருப்பாம்லா? கண்ணு இருக்கும்லா அவனுக்கு? ரெண்டு பொம்பள ரெண்டு வாயோட நிக்கதப் பாத்தா தெரியும்.” முந்தானையில் கையைத் துடைத்தாள். “அதுவரைக்கும் ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, கோர்ட்டு, எங்க போனாலும் நீதான் கூட வந்து பேசணும்.”

“வாறேன்க்கா.”

“ஒன்ன மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்கிடாத வடிவு. நாளைக்குக் காலைல ஏழரை பஸ்ஸு. நீ இல்லன்னா அங்க நான் ஊமை. பிந்தாத.”